எண்ணெய் தேய்க்கிற சீன்

தேங்காயைக் கையில் எடுத்து ஒரு சுண்டு சுண்டினால் உள்ளே தண்ணீர் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, மரத்தை விட்டு இறங்கி எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். தென்காசியில் இருந்து செங்கோட்டை வரைக்கும், மலையைத் தாண்டி அந்தப் பக்கமும், இதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்லுகிறேன். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வடகரைத் தோப்புகளில் தேங்காய் உரித்து வளர்ந்தவன், இன்றைக்குச் சொந்தத்தில் மண்டி வைத்து, லாரி ஓட்டி, பெற்ற பிள்ளைகளைக் கரையேற்றி உட்கார்ந்திருக்கிறேன் என்றால் கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்?

இந்த மண்டியை ஒத்த ஆளாக நின்று கட்டினேன். இதை நான் சொல்லாத ஆளே ஊரில் கிடையாது. லோடு ஏற்ற வருகிறவன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவன், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன், எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். "ஒத்த ஆளா" என்று வாயெடுத்தாலே எங்கள் சுமைக்காரர்கள், "அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டும். சொல்லுகிறவனுக்கு அலுக்காதவரைக்கும் கதைக்கு வயசாகாது.

அந்த நான் அறுபத்தெட்டாவது வயதில் சினிமாவில் நடித்தேன். கூட்டத்தில் ஓரமாக நிற்கிற வேஷம் இல்லை. கதாநாயகன்.

படத்தின் டைரக்டர் ஒரு பெண்பிள்ளை. முப்பது வயசு இருக்கும். சென்னையில் இருந்து வந்திருந்தது. முதல் படம். பெரிய கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு மடக்குக் குடை. மண்டியில் ஒரு நாள் படம் எடுக்க இடம் கேட்டு வந்தது. வந்த பிள்ளை கேட்ட காரியத்தை விட்டுவிட்டு, நான் தேங்காய் தரம் பிரிக்கிறதையே ஒரு மணி நேரம் நின்று பார்த்தது. காபி வாங்கிக் கொடுத்தேன். மண்டி கட்டின கதையைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் கேட்டது. முடிவில், "அண்ணாச்சி, எனக்கு மண்டி வேண்டாம். நீங்க வேணும்" என்றது.

நான் யோசிக்கவே இல்லை. "இம்புட்டு நாள் ஏன் ஒருத்தனும் கேக்கலைன்னுதான் நானும் இருந்தேன்" என்று சொன்னேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி முறத்தில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மண்டியில இத்தன வருசமா நடிச்சது பத்தாதாக்கும்?" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். அவள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். நான் நூறு சொன்னால் அவள் ஒன்று சொல்லுவாள். அந்த ஒன்று போய் உட்காருகிற இடத்தில் உட்காரும்.

படத்தின் கதை சின்னது. தேங்காய் வெட்டுகிற ஒரு கிழவன். நோய் வந்து எழுந்த அவன் பெண்டாட்டிக்கு வலது கையைத் தூக்க முடியாது. அவளைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான். "இதுல சண்டை இல்லையா?" என்று கேட்டேன். "உங்களோட நான் போடுறதுதான் சண்டை அண்ணாச்சி" என்றது பிள்ளை. சொன்ன மாதிரியே நடந்தது.

முதல் சண்டை முதல் நாளே. என் நரைத்த தலையையும் நாலு நாள் தாடியையும் பார்த்துத்தான் பிள்ளை என்னைப் பிடித்திருக்கிறது. எனக்கு அது யார் சொன்னார்கள்? கதாநாயகன் என்றால் ஒரு லட்சணம் வேண்டாமா? ஷூட்டிங்குக்கு முந்தின சாயங்காலம் சலூனுக்குப் போய் மழுங்கச் சிரைத்து, தலைக்குக் கறுப்பு டை அடித்து, அயர்ன் பண்ணின சட்டையோடு காலையில் போய் நின்றேன். ஒப்பனைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினார். பிள்ளை என்னைப் பார்த்தது. குடையை விரித்தது. மழை இல்லை. முகத்தை மறைத்துக்கொள்ளத்தான். சிரித்ததா அழுததா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பிறகு குடையை மடக்கிவிட்டு, என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் கட்டிவிட்டது. படத்தில் முதல் பாதி முழுக்க நான் தலைப்பாக்கட்டோடுதான் வருவேன். ஒரு பத்திரிகைக்காரர் பின்னால் எழுதினாராம், அந்தத் துண்டு உழைக்கிறவனுடைய கிரீடம் என்று. அது டை. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு வசனப் பேப்பர் கிடையாது என்று பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஆனால் படித்ததைச் சொன்னால் அது படித்தது மாதிரிதான் இருக்கும். பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, உங்க பொண்டாட்டி சாப்பிட மாட்டேங்கிறாங்க. நீங்க என்ன சொல்வீங்க?" என்று மட்டும் கேட்கும். நான் சொல்லுவேன். "அதையே சொல்லுங்க" என்று எழுந்து போய்விடும். கதையில் கிழவன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி எழுதியிருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க ஊர்ல எவன் பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுதான்? நான் 'இந்தா'ம்பேன். அவளுக்குத் தெரியும்."

"நாற்பத்து மூணு வருஷமா 'இந்தா'வா?"

"வேற யாரு இந்தான்னாலும் அவ திரும்ப மாட்டா. நான் சொன்னா திரும்புவா."

பிள்ளை பேனாவை எடுத்து, கதையில் அந்தப் பெயர் வந்த இடத்தில் எல்லாம் அடித்துவிட்டது. அந்தப் படத்தில் அந்த அம்மாளுக்குப் பெயரே கிடையாது.

இன்னொரு வித்தையும் வைத்திருந்தது. என் கையில் எப்போதும் ஒரு தேங்காய் கொடுத்துவிடும். உரித்துக்கொண்டோ, நார் பிய்த்துக்கொண்டோ, சுண்டிப் பார்த்துக்கொண்டோ நான் பேச வேண்டும். கையில் வேலை இருந்தால் என் முகம் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது. வேலை இல்லை என்றால் நான் ராஜா வேஷத்துக்கு வந்த சிவாஜி மாதிரி நெஞ்சை நிமிர்த்திவிடுகிறேனாம். பத்து நாள் இப்படியே ஓடியது. நான் நன்றாகத்தான் செய்தேன். கேமராக்காரரே ஒரு நாள் தோளில் தட்டினார்.

எனக்குப் பெண்டாட்டியாக நடித்தது கோவில்பட்டிப் பக்கத்து நாடகக்காரம்மா. கோயில் கொடை விழாக்களில் மேடையேறி நாற்பது வருஷம் நடித்தவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. முதல் நாளே என்னிடம், "அண்ணாச்சி, ராணியா நடிச்சிருக்கேன், பேயா நடிச்சிருக்கேன். தேங்காய்க்காரர் பொண்டாட்டியா இப்பத்தான்" என்றார்.

"அதுக்கு முதல்ல என்னைய அண்ணாச்சிங்கிறத நிறுத்தணும்லா?"

"கேமரா ஓடுறப்ப நிறுத்துவேன். மத்த நேரம் எங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்கிடுவாரு" என்று சிரித்தார்.

பதினோராவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஆடி மாசம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பழைய குற்றாலம் போகிற வழியில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய தோப்பு. அதற்குள் பாறையில் இருந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிற ஓடை ஒன்று உண்டு. அருவியில் கூட்டம் என்பதால் நான்தான் அந்த இடத்தைப் பேசிக் கொடுத்தேன். அங்கே எடுக்க வேண்டியது ஒரே ஒரு சீன். கிழவன் பெண்டாட்டியைப் பாறையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். அவள் கையைத் தூக்க முடியாதவள் அல்லவா? படமே இந்தச் சீனுக்காகத்தான் என்று பிள்ளை சொல்லியிருந்தது.

கிண்ணத்தில் எண்ணெய் இருந்தது. கேமரா இருந்தது. என் கையில் தேங்காய் இல்லை. அதுதான் வினை.

ஒரு பொம்பளை தலையில் கை வைத்து எண்ணெய் தேய்க்கிறது எனக்கு ஆகாத காரியம். அதுவும் முப்பது பேர் சுற்றி நிற்க. விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பிள்ளை கட் சொன்னது. "அழுத்தித் தேயுங்க அண்ணாச்சி." அழுத்தினேன். நாடகக்காரம்மா தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

"அண்ணாச்சி, என் தலை என்ன நெத்துத் தேங்காயா? தட்டித் தட்டிப் பாக்கிய! உள்ள தண்ணி இருக்கான்னு தெரியணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  அஞ்சு டேக், எட்டு டேக், பன்னிரண்டு டேக். பத்து நாளாக என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிள்ளை என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தது.

"வீட்டுல அவங்களுக்கு எப்பவாவது எண்ணெய் தேச்சு விட்டிருக்கீங்களா?"

"நல்லா கேட்ட போ. எனக்கு அதான் சோலியா? அவளுக்குக் கை இல்லையா?"

பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது.

படத்துக்கு முதல் போட்டவர் அன்றைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், காரை விட்டு இறங்கி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறாவது டேக்கும் போனது. அதோடு மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினோம். அவர் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தனியே என்றால் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"நாளைக்கு மத்தியானம் அந்தம்மா கோயில் கொடை நாடகத்துக்குக் கிளம்பிடுறாங்க. அதுக்குள்ள இது வரலைன்னா இந்தப் பெரியவரை விட்டுடலாம்மா. சென்னையில நல்ல நடிகர் ஒருத்தர் இருக்கார், பேசி வச்சிருக்கேன். முதல்ல இருந்து எடுத்துக்கலாம்."

"நான் அவரை வச்சுத்தான் சார் எடுப்பேன்."

"அப்ப நீயும் யோசிச்சுக்கோ. எடுக்க வேற டைரக்டரும் இருக்காங்க."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கில்ல சார்" என்று பிள்ளை சொன்னது. குரல் நடுங்கியது. ஆனால் சொன்னது.

நான் எத்தனையோ பேரிடம் நம்பிக்கை வாங்கியிருக்கிறேன். எல்லாம் சரக்கைப் பார்த்து வந்த நம்பிக்கை. சரக்கு சொத்தை என்று கண்ணால் பார்த்த பிறகும் ஒருத்தி என் பக்கம் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு என் வேஷம் போகிறது பெரிதில்லை. ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள், நான் நாற்பது பேரைப் பார்த்துச் சிரித்தவன். ஆனால் என்னால் அந்தப் பிள்ளையின் படம் போகக் கூடாது.

மழை விடுகிற மாதிரி இல்லை. பேக்கப் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்குத் தென்காசி வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. பின்னால் கொல்லைக்குப் போனால், என் வீட்டுக்காரி கொண்டையை அவிழ்த்துவிட்டு மணைக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வந்திருந்த விருந்தாளிகளால் அவளுக்குக் குளியல் தள்ளிப்போயிருக்கிறது. பக்கத்தில் கிண்ணம். நம் கொப்பரையில் ஆட்டின எண்ணெய், ரெண்டு மிளகு போட்டுச் சூடு பண்ணியிருந்தாள்.

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அவள் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்னத்துக்கு இங்கன வந்து உக்காருதிய?"

"இந்தா, திரும்பாத. கிண்ணத்தக் கொடு."

"எதுக்கு?"

"சினிமாவுக்கு."

விஷயத்தைச் சொன்னேன். பதினாறு டேக்கையும் சொன்னேன். நெத்துச் சமாச்சாரத்தையும் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கிண்ணத்தைப் பின்னால் நீட்டினாள். முகத்தைக் காட்டவில்லை.

"எண்ணெய உள்ளங்கையில விடுங்க. விரல்ல இல்ல. முதல்ல உச்சியில வைங்க. வச்சிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க. அவசரம் என்ன, லோடா ஏறப்போவுது?"

வைத்தேன். சும்மா இருந்தேன். வெதுவெதுப்பு அவள் தலைக்குப் போகிறதா என் கைக்கு வருகிறதா என்று தெரியவில்லை. முடி எல்லாம் வெளுத்துவிட்டது. கொண்டை போட்டே பார்த்ததால் எனக்கு அது தெரியாது. இவ்வளவு கொஞ்சமாகப் போய்விட்டது என்றும் தெரியாது. "கண்ண மூடு, எண்ணெய் இறங்கிரும்" என்று சொன்னேன். மூடிக்கொண்டாள்.

உச்சியில் இருந்து பின்னால் வந்தேன். இடது காதுக்கு மேலே, நாலு விரல்கடை தள்ளி, விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ஒரு புளியங்கொட்டை உட்காருகிற அளவுக்குப் பள்ளம். ஓரம் தடித்து, அந்த இடத்தில் முடி இல்லை. திரும்பவும் தடவிப் பார்த்தேன்.

"இது என்ன?"

"எது?"

"இங்கன. குழியா இருக்கு."

"ஓ அதா" என்றாள். "உங்க மண்டிக்குக் கல்லு சுமந்ததுல்லா."

எனக்குப் புரியவில்லை. நான் கேட்காமலே அவள் சொன்னாள். யார் வீட்டுக் கதையோ சொல்லுகிற மாதிரி. அஸ்திவாரத்துக்குக் கருங்கல் இறங்கின சமயம். நான் லோடோடு கொல்லத்துக்குப் போயிருந்தேன். ஆள் வரவில்லை என்று இவளே முந்தானையைத் தலையில் சும்மாடாகச் சுற்றி, இரும்புச் சட்டியில் கல்லைத் தூக்கியிருக்கிறாள். சும்மாடு நழுவிச் சட்டி விளிம்பு இறங்கிவிட்டது. காபிப் பொடியை வைத்து அமுக்கி, ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மிச்சக் கல்லையும் சுமந்திருக்கிறாள்.

"நான் வந்தப்ப சொல்லலையே?"

"நாலு நாள் கழிச்சு வந்திய. தலையில துணி கட்டியிருந்தேன். எதுக்குன்னு நீங்க கேக்கல."

எனக்கு அந்தத் துணி ஞாபகம் வந்தது. நீலத்தில் பொடிக்கட்டம். வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கொல்லத்தில் சரக்கை என்ன விலைக்குத் தள்ளினேன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதையும் உட்கார்ந்து கேட்டாள். தலை வலித்திருக்கும்.

அதே கட்டிடத்தில் உட்கார்ந்துதான் நாற்பது வருஷமாக ஒத்த ஆள், ஒத்த ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எத்தனையோ தடவை எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அதைக் கேட்டபடியே போயிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஆமா, ஒத்த ஆளு" என்று குத்தலாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை.

"ஏன், கைய எடுத்துட்டிய? அதுக்குள்ள கட்டா?" என்றாள்.

"இல்ல, இருக்கேன்" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் சாரல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஓடையில் தண்ணீர் முந்தின நாளைவிடக் கூட. முதல் போட்டவர் வரப்பில் அதே இடத்தில் நின்றார். கையில் போன். நாடகக்காரம்மாவின் பெட்டி காரில் ஏறிவிட்டது. பிள்ளை என்னிடம் வந்து கிண்ணத்தை நீட்டியது. "எண்ணெய் ஆறிக் கிடக்கு. சூடு பண்ணிக் கொண்டாரச் சொல்லு, ரெண்டு மிளகு போட்டு" என்று நான்தான் சொன்னேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தது. தானே ஓடிப்போய்ச் சமையல் வேனில் சூடு பண்ணிக் கொண்டுவந்தது. ஒரு டைரக்டர் எண்ணெய்க் கிண்ணத்தை முந்தானை மாதிரித் துப்பட்டாவில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதினேழாவது டேக்.

உள்ளங்கையில் விட்டேன். உச்சியில் வைத்தேன். சும்மா இருந்தேன். கேமரா எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்து போகவில்லை, அதெல்லாம் கதை. இருந்தது தெரியும். அது பாட்டுக்கு இருந்தது. "இந்தா, கண்ண மூடு. எண்ணெய் இறங்கிரும்." நாடகக்காரம்மா மூடிக்கொண்டார். கை உச்சியில் இருந்து பின்னால் போனது. இடது காதுக்கு மேலே நாலு விரல்கடை. அங்கே போய் விரல் நின்றுவிட்டது.

அங்கே ஒன்றும் இல்லை. அந்தம்மா தலை வழவழவென்று இருந்தது.

எனக்கு அது தெரியாதா? வேறு ஆள் என்று தெரியாதா? தெரியும். ஆனால் விரல் தேடியது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இல்லை. திரும்பவும் அதே இடம். இல்லை. ஒரு கல் சுமக்காத தலை அது என்று நினைத்தேன். அந்தம்மா அவர் பங்குக்கு மேடையில் எதைச் சுமந்தாரோ, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பெண்டாட்டி தலை இப்படி இருந்திருக்க வேண்டியது என்று மட்டும் நினைத்தேன்.  அழவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை.

அப்போது நாடகக்காரம்மா ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லிக் கொடுக்காத காரியம். என் விரல் எதையோ தேடி நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருஷம் மேடையேறின தலை அல்லவா? அப்படியே தலையைப் பின்னால் சாய்த்து என் உள்ளங்கையில் பாரத்தை வைத்துவிட்டார்.

கட் என்ற சொல் வரவே இல்லை. ஓடைச் சத்தம்தான். ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை அதைச் சொன்னபோது யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னது. வரப்பில் நின்றவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.  எங்கள் ஊர் மண்டியில் சரக்கு பிடித்துவிட்டால் வியாபாரி அப்படித்தான் பேசாமல் போவான்.

நாடகக்காரம்மா எண்ணெய்த் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "இனிமே கேமரா ஓடினாலும் ஓடாட்டாலும் அண்ணாச்சிதான்" என்று என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு பிள்ளை பாறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, அங்க என்ன தேடினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். வழியில் போகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொந்தக் கதை சொல்லுகிறவன் நான். எனக்காகப் படத்தையே பணயம் வைத்த பிள்ளை கேட்கிறது. சொல் வரவில்லை.

"அது என் வீட்டு விசயம் தாயி" என்றேன்.

பிள்ளை தலையாட்டியது. "சரி. சொல்ல வேண்டாம். தெரிஞ்சா எடிட்டிங்ல நான் அதையே விளக்கப் பாத்துருவேன். அது உங்ககிட்டயே இருக்கட்டும். ஷாட் என்கிட்ட இருக்கு" என்றது.

அன்றைக்குத்தான் எனக்கு அவர்கள் தொழில் புரிந்தது. டைரக்டர் என்றால் நடிகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை எனக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வீடு வரைக்கும் போய் எடுத்துக்கொண்டு வருகிறவரை விலகாமல் நின்றது. அதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் முதல் போட்டுத் தொழில் செய்தவன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சுமைக்காரர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. முதல் வாரம் என் வீட்டுக்காரி, "படந்தான் முடிஞ்சிட்டே?" என்று கேட்டாள். "டைரக்டரம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லையாம்" என்றேன். கிண்ணத்தை நீட்டினாள். "இது எத்தனாவது டேக்கு?" என்பாள் சில நாள். அந்தச் சனிக்கிழமை ஓடையில் நடந்ததை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுகிறது?

படம் வந்தது. தென்காசியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. பெரிய கூட்டம் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள், சுமைக்காரர்கள், செங்கோட்டைச் சம்பந்தி வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். பிள்ளையும் வந்தது, அதே குடையோடு. படம் போடும் முன்னால் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மைக் என்றால் பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி.

"நான் மூணாம் கிளாஸ். வடகரையில தேங்காய் உரிச்சவன். இந்த மண்டிய நான்..."

முன்வரிசையில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் கொஞ்சம் பிச்சிப்பூ. எப்போதும் கேட்கிற மாதிரி, அடுத்த சொல் என்னவென்று தெரிந்த முகத்தோடு, கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நின்றுவிட்டேன். சுமைக்காரர்களில் ஒருவன் பின்னால் இருந்து, "அண்ணாச்சி, ஒத்த ஆளா!" என்று எடுத்துக் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒத்த ஆள் இல்லலே. ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன். டைரக்டரையும் என்னையும் சொல்லுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிள்ளை எழுந்து கும்பிட்டது. அதுவும் பொய் இல்லை. தட்டட்டும்.

விளக்கை அணைத்தார்கள். என் வீட்டுக்காரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலைப்பாக்கட்டு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சீன் வந்தது. பாறை, ஓடை, கிண்ணம். திரையில் என் கை ஒரு வாசல் கதவு அளவுக்குப் பெரிதாக இருந்தது. உச்சியில் வைத்தது. பின்னால் போனது. நின்றது. மேலே தேடியது, கீழே தேடியது.

 என் வீட்டுக்காரி முன்னால் சாய்ந்து பார்த்தாள். பிறகு மெல்லத் தன் இடது கையைத் தூக்கிக் காதுக்கு மேலே வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமலே வைத்திருக்கலாம்.

"அவளுக்கு அங்கன ஒண்ணும் கெடையாதே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என்னத்தத் தேடுதிய?"

"உன் தலையில உள்ளதத்தான் தேடுனேன்."

 திரையில் நாடகக்காரம்மா தலையைச் சாய்த்தார்.

"பேசாம படத்தப் பாருங்க" என்றாள். ஆனால் காதுக்கு மேலே இருந்த கையை எடுத்து என் முழங்கை மேல் வைத்துக்கொண்டாள்.